பாதியாகக் குறைந்த கணக்கு

(ஞாயிறு காலை ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நான் இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து இருந்தால் வருமான வரிப் படிவம், ஓய்வூதிய நிதி, சிறு வியாபாரக் கணக்கு என்று ஏதாவது ஒன்றைப் பற்றித்தான் பேசுவேன். இன்றைக்கு அப்படியில்லை. ஓர் அமிலத்தைக் கரைப்பானில் கரைத்தால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். "கணக்காளருக்கு இரசாயனவியலில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது. ஊரில் நான் படித்தது வர்த்தகப் பிரிவு. விஞ்ஞானப் பிரிவுக்காரர் ஆய்வுகூடத்துக்குள் போகும்போது நாங்கள் வெளியே வேப்பமரத்தின் கீழ் நின்றவர்கள். 1996இல் அவுஸ்திரேலியாவுக்கு வந்து, பகலில் வேலை, இரவில் வகுப்பு என்று இங்கு பெற்ற பட்டமும் வர்த்தகப் பட்டம்தான். ஆனால் இன்று நான் சொல்ல வந்த விடயம் உண்மையில் கணக்குப் பற்றியது. அதிலும் சரியாகக் கூட்டிப் பார்த்தும் பாதியாக வந்த ஒரு கணக்குப் பற்றியது.

என் மகள் மெல்பேர்ணில் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் ஒரு இரவு சாப்பாட்டு மேசையில் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, இந்தக் கூட்டலை ஒருக்காச் சரி பாருங்கோ. எனக்கு விடை பாதியாத்தான் வருது" என்றாள். கூட்டலில் பிழையில்லை. பெருக்கலிலும் பிழையில்லை. ஆனால் விடை பாதி. நான் உடனே சொன்னேன்: "எங்கேயோ ஆரோ பதிவை விட்டிட்டினம்." அவள் சிரித்துவிட்டு, "இல்லை அப்பா, ஒருத்தரும் விடயில்லை. அவை சோடியா நிக்கினம்" என்றாள்.

அந்த ஒரு வசனம் என்னை அன்றிரவு நித்திரை கொள்ள விடவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

கணக்கில் வந்த அமிலத்தின் பெயர் பென்சோயிக் அமிலம். பெயர் புதிதாக இருக்கலாம், ஆள் பழைய ஆள். வெள்ளிக்கிழமைகளில் தணலில் சாம்பிராணி போடுகிறோமே, அந்தச் சாம்பிராணிப் பிசினைச் சூடாக்கினால் எழும் ஆவி குளிர்ந்து வெள்ளை ஊசிகளாகப் படியும். அதுதான் பென்சோயிக் அமிலம். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு உங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் சோஸ் போத்தலை எடுத்துச் சிட்டையைப் பாருங்கள். 210 அல்லது 211 என்று ஓர் இலக்கம் இருந்தால் இந்த அமிலமோ அதன் சோடியம் உப்போ பழுதாகாமல் காக்கும் பொருளாக அதற்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

கரைப்பானின் பெயர் பென்சீன். இரண்டும் சொந்தக்காரர். 1830களில் ஜேர்மனியில் மிற்செர்லிக் என்பவர் பென்சோயிக் அமிலத்தைச் சுண்ணாம்போடு சூடாக்கி ஒரு திரவத்தை எடுத்தார். அமிலத்தின் பெயரிலிருந்தே திரவத்துக்கும் பெயர் வந்தது. ஒரு விடயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பது இன்று உறுதியான செய்தி. அதனால் பாடசாலைகளில் இப்போது அதைத் தொட விடுவதில்லை. மகள் செய்ததும் புத்தகத்தில் இருந்த கணக்குத்தான்.

இனிக் கணக்கு. எந்தத் திரவத்திலும் ஒரு பொருளைக் கரைத்தால் அந்தத் திரவம் உறையும் வெப்பநிலை குறையும். ஐஸ்கட்டியில் உப்புப் போட்டு ஐஸ்கிறீம் செய்தவர்களுக்கு இது தெரியும். இதில் ஒரு விசேடம் உண்டு. எவ்வளவு குறைகிறது என்பது கரைந்த பொருள் இன்னது என்பதில் தங்கியிருக்கவில்லை. எத்தனை துணிக்கைகள் கரைந்திருக்கின்றன என்பதில் மட்டுமே தங்கியிருக்கிறது. மண்டப வாசலில் நின்று கையில் உள்ள எண்ணியை அழுத்துகிறவர் மாதிரி. வருகிறவர் ஆர், எந்த ஊர், என்ன படித்தவர் என்று அவர் கேட்பதில்லை. தலைக்கு ஒரு அழுத்தல், அவ்வளவுதான்.

இந்த வழியால் துணிக்கைகளை எண்ணலாம் என்பதை 1880களில் பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் இருந்த ரவுல் என்ற பேராசிரியர் பொறுமையாக அளந்து காட்டினார். பொருள் பொருளாக, கரைப்பான் கரைப்பானாக அளந்தார். ஜேர்மனியின் லைப்சிக்கில் பெக்மான் என்பவர் நூறில் ஒரு பாகையையும் வாசிக்கக்கூடிய வெப்பமானியைச் செய்து கொடுத்தார். இரசாயனவியலாருக்கு நல்லதொரு கணக்கேடு கிடைத்த காலம் அது.

பென்சீன் உறைவது 5.5 பாகையில். மெல்பேர்ணில் யூலை மாத விடியற்காலையில் வெளியே வைத்தால் சில நாட்களில் அது தானாகவே உறைந்துவிடும். பென்சோயிக் அமிலத்தின் மூலக்கூற்று நிறை 122. ஒரு கிலோ பென்சீனில் 12.2 கிராம் அமிலத்தைக் கரைத்தால் உறைநிலை 0.51 பாகை குறைய வேண்டும். ஆனால் குறைவது அதில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான், 0.27 பாகை அளவு. அமிலத்தை நிறுத்துப் போட்டது உண்மை. ஒரு துளியும் வெளியே சிந்தவில்லை. ஆனால் வாசலில் நின்றவரின் எண்ணியில் கிட்டத்தட்ட பாதிப் பேர்தான் பதிவாகியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் இரசாயனவியலார் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தராசு பிழை என்று சொல்லவில்லை. விதி பிழை என்று அதைத் தூக்கி எறியவுமில்லை. பென்சீனில் சீனி போன்ற வேறெதுவோ கலந்துவிட்டது என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டவுமில்லை. வேறு அமிலங்களையும் எடுத்துப் பார்த்தார்கள். வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலமும் பென்சீனில் பாதியாகத்தான் எண்ணுப்பட்டது. ஆனால் பென்சோயிக் அமிலத்தையே ஈதரிலோ அசற்றோனிலோ கரைத்துக் கொதிநிலை எவ்வளவு உயர்கிறது என்று பார்த்தபோது கணக்கு முழுசாக வந்தது. அப்படியானால் காரணம் அமிலத்தில் மட்டும் இல்லை. எந்தக் கரைப்பானோடு அது சேர்ந்திருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

1891இல் நேர்ன்ஸ்ற் என்பவர் இதை இன்னொரு பக்கத்தால் சரிபார்த்தார். ஒரு போத்தலில் தண்ணீரும் பென்சீனும் ஊற்றினால் இரண்டும் கலக்காமல் மேலும் கீழுமாக நிற்கும். அதில் பென்சோயிக் அமிலத்தைப் போட்டுக் குலுக்கினால் அது இரண்டுக்குள்ளும் பிரிந்து போகும். தண்ணீரில் உள்ள அமிலம் இரண்டு மடங்கானால் பென்சீனில் உள்ளதும் இரண்டு மடங்காக வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அது ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. இங்கே மூன்று மடங்கானால் அங்கே ஒன்பது மடங்கு. இப்படி வர்க்கமாகப் பெருகுவதற்கு ஒரே விளக்கம்தான். அமிலம் தண்ணீரில் தனித்தனியாகவும் பென்சீனில் இரண்டிரண்டாகவும் இருக்கிறது.

ஏன் இரண்டிரண்டாக? இதற்கு விடை வர இன்னும் சில பத்தாண்டுகள் எடுத்தன. 1920இல் கலிபோர்ணியாவில் லற்றிமர், ரோட்புஷ் என்ற இருவர், ஐதரசன் அணு இரண்டு அணுக்களுக்கு நடுவில் நின்று இரண்டையும் பிடித்து வைக்கக்கூடும் என்று எழுதினார்கள். ஐதரசன் பிணைப்பு என்று இன்று பாடப்புத்தகங்களில் படிப்பது அதைத்தான். பென்சோயிக் அமிலத்தின் ஒரு மூலையில் இரண்டு கைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கொடுக்கும் கை. அதாவது ஒட்சிசனோடு ஒட்டிய ஐதரசன். மற்றது வாங்கும் கை. அது ஐதரசன் இல்லாத வெறும் ஒட்சிசன். இரண்டு அமில மூலக்கூறுகள் நேருக்கு நேர் வந்தால் இவருடைய கொடுக்கும் கை அவருடைய வாங்கும் கையிலும், அவருடைய கொடுக்கும் கை இவருடைய வாங்கும் கையிலும் அழகாகப் பொருந்தும். சின்னப்பிள்ளைகள் இரண்டு பேர் இரண்டு கையும் கோத்து நிற்பதுபோல எட்டு அணுக்களால் ஆன ஒரு வளையம் உருவாகும்.

இது வெறும் கற்பனை இல்லை. 1934இல் போலிங், புறொக்வே என்ற இருவர் போர்மிக் அமிலத்தின் ஆவியில் இந்தச் சோடியின் வடிவத்தை இலத்திரன் கற்றையால் அளந்தார்கள். 1955இல் கிளாஸ்கோவில் பென்சோயிக் அமிலப் பளிங்கை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தபோது அதற்குள்ளும் இதே சோடி. நாம் தலையிடிக்குப் போடும் அஸ்பிரின் பளிங்குக்குள்ளும் இதே கைகோப்புத்தான்.

இந்தப் பிடி எவ்வளவு பலமானது? ஒட்சிசனும் ஐதரசனும் ஒரே மூலக்கூறுக்குள் சேர்ந்திருக்கும் சாதாரண பிணைப்போடு ஒப்பிட்டால் ஒரு கைப்பிடி ஏறத்தாழ அதில் பதினைந்தில் ஒரு பங்குதான். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு சோடி எத்தனையோ தடவை பிரிந்து வேறு சோடியாகச் சேர்ந்துவிடும். ஆனாலும் எந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தாலும் பெரும்பாலானவை சோடியாகத்தான் நிற்கும். அதனால்தான் கணக்குப் பாதி.

நேயர்களே, இப்போது என் நித்திரையைக் கெடுத்த கதைக்கு வருகிறேன்.

இருபது வருடங்களுக்கு மேலிருக்கும். இங்குள்ள ஒரு சங்கத்துக்கு நான் கௌரவ கணக்காய்வாளராக இருந்தேன். சங்கத்தின் பெயர் தேவையில்லை. அந்த வருடம் இராப்போசன விருந்து நடந்தது. சாப்பாடு கொடுத்தவரின் பற்றுச்சீட்டில் 312 கோப்பை என்று இருந்தது. ரிக்கற் புத்தகங்களை எண்ணினேன். கிழித்த அடிக்கட்டைகள் 164. ரிக்கற் விற்றவர் எல்லோரும் அண்ணை என்று கூப்பிடும் ஒரு பெரியவர். தொழிற்சாலையில் இரவு வேலை செய்துகொண்டு பகலில் வீடு வீடாகப் போய் ரிக்கற் விற்றவர்.

செயற்குழுக் கூட்டத்தில், பன்னிரண்டு பேருக்கு முன்னால், வங்கிக் கூற்று வந்து சேர முன்னரே நான் கேட்டேன்: "அண்ணை, முந்நூறு பேருக்கு மேல சாப்பிட்டிருக்கினம். ரிக்கற் பாதிதான் இருக்கு. மிச்சக் காசு எங்க?"

அவர் ஒன்றும் பேசவில்லை. என்னை ஒருக்கால் பார்த்தார். பிறகு கையில் இருந்த கோப்பை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, நீர் படிச்சனீர், நீரே பாரும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

இரண்டு நாள் கழித்துத்தான் அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரட்டிப் பார்த்தேன். மூலையில் பென்சிலால் சின்னதாக 2 என்று எழுதியிருந்தது. கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒரே ரிக்கற்றாகக் கொடுத்திருக்கிறார். அப்படி 148. தனியாக வந்தவர்களுக்கு 16. இரண்டையும் கூட்டினால் 312 பேர். சோடிக்கு 45 டொலர், தனியாளுக்கு 25 டொலர் என்று குழுவே தீர்மானித்த விலை. வங்கியில் போட்ட காசு 7,060 டொலர். ஒரு சதம் குறையவில்லை.

நான் அவருடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் தந்தார். "பரவாயில்லைத் தம்பி" என்றார். ஆனால் அதற்குப் பிறகு சங்கத்துப் பக்கம் அவர் வரவில்லை. பன்னிரண்டு பேருக்கு முன்னால் சொன்ன சொல்லை நான் அந்தப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் திரும்ப எடுக்கவில்லை. அறிக்கையில் 'கணக்குகள் சரி' என்று ஒரு வரி எழுதினேன். அது போதும் என்று நினைத்தேன். அது போதவில்லை என்பதற்கு அவர் வராமல் விட்டதே சாட்சி.

"ஒருத்தரும் விடயில்லை, அவை சோடியா நிக்கினம்" என்று மகள் சொன்னபோது எனக்கு அந்தப் பென்சில் எழுத்துத்தான் கண்ணில் வந்தது.

சரி, கணக்கின் இரண்டாவது பாதிக்கு வருவோம். இதுதான் எனக்கு இன்னும் ஆழமாகப் பட்ட பகுதி.

ஈதரிலும் அசற்றோனிலும் கணக்கு முழுசாக வருகிறது என்று சொன்னேன். அசற்றோன் என்பது நகப்பூச்சு அழிக்கப் பாவிக்கும் திரவங்களில் உள்ளது. அங்கே 12.2 கிராம் போட்டால் 12.2 கிராமுக்கு உரிய எண்ணிக்கை வரும். அப்படியானால் அசற்றோனில் அமிலம் தனித்தனியாக, சுதந்திரமாக நிற்கிறது என்றுதானே ஒரு கணக்காய்வாளன் எழுதுவான்? நானும் அப்படித்தான் நினைத்தேன். மகள் இல்லை என்று தலையாட்டினாள்.

அசற்றோனில் ஒரு வாங்கும் கை உண்டு, கொடுக்கும் கை இல்லை. பென்சீனில் சொல்லக்கூடிய அளவுக்கு இரண்டும் இல்லை. பென்சீனுக்குள் போன அமிலத்துக்குக் கை கொடுக்க ஆளில்லை. ஆகவே தன் இனத்தையே தேடிப் பிடித்துக்கொள்கிறது. அசற்றோனிலோ சுற்றிவர வாங்கும் கைகள். கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ அசற்றோனில் 12.2 கிராம் அமிலம் என்றால் ஓர் அமில மூலக்கூறுக்கு 172 அசற்றோன் மூலக்கூறுகள். இத்தனை பேர் கை நீட்டி நிற்கும்போது அமிலத்தின் கொடுக்கும் கை இன்னோர் அமிலத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் அசற்றோனின் ஒட்சிசனைப் பிடித்துக்கொள்கிறது. அமிலமும் கரைப்பானும் சேர்ந்த இந்தக் கூட்டைச் 'சிக்கல்' என்று நம்முடைய பாடப்புத்தகங்களில் எழுதுவார்கள். பிரச்சினை என்ற கருத்தில் அல்ல, ஒன்றோடொன்று சேர்ந்து பின்னியது என்ற கருத்தில்.

வாசலில் நிற்பவருக்கு இது தெரியாது. ஏனென்றால் கரைப்பானை அவர் எண்ணுவதில்லை. அமிலம் ஒன்று, அசற்றோனைப் பிடித்தபடி வந்தாலும் ஒன்றுதான். எண்ணிக்கை சரி. ஆனால் அமிலம் தனியாக இல்லை.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1930களின் நடுப்பகுதியிலிருந்து இதற்கு வேறொரு கருவி உதவியது. கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரைக் கரைசலுக்குள் செலுத்திப் பார்ப்பது. ஒட்சிசனோடு ஒட்டிய ஐதரசன் ஒரு வீணைத் தந்தி மாதிரி அதிர்ந்துகொண்டிருக்கும். அது எதையும் பிடிக்காமல் நின்றால் தந்தியின் சுருதி உயர்ந்து, கூர்மையாக, ஒரே இடத்தில் பதிவாகும். இன்னொன்றைப் பிடித்திருந்தால் சுருதி இறங்கும், அகன்று பரவும். பிடி இறுக இறுக இன்னும் இறங்கும். ஆகவே எண்ணிக்கையால் காட்ட முடியாததைச் சுருதி காட்டிக்கொடுத்துவிடுகிறது. அமிலம் இன்னோர் அமிலத்தைப் பிடித்திருக்கிறதா, அசற்றோனைப் பிடித்திருக்கிறதா, ஈதரைப் பிடித்திருக்கிறதா என்று வேறுபிரித்துப் பார்க்கலாம்.

கரைப்பானை மாற்றிக்கொண்டு போனால் பிடியும் மாறும். ஈதர், அசற்றோன் இரண்டிலும் அமிலம் கை கொடுக்கிறது, ஆனால் ஐதரசன் தன்னுடையதுதான். பிரிடீன் என்ற திரவத்தில் வாங்கும் கை நைதரசன். அங்கே பிடி இன்னும் இறுக்கம். ஐதரசன் தன் வீட்டு வாசல் வரை வந்து நிற்கிறது. இன்னும் பலமான அமீன்களிடம் போனால் ஐதரசன் வாசலைத் தாண்டி மற்ற வீட்டுக்கே போய்விடும். கை கொடுத்தது போய், பொருளையே கைமாற்றியதாக ஆகிவிடும். அப்போது அது சிக்கல் இல்லை, உப்பு. 1950களில் அசற்றிக் அமிலத்தையும் அமீனையும் எடுத்து, இந்தப் படிமுறையைச் செந்நிறக்கீழ்க் கதிரால் பின்தொடர்ந்திருக்கிறார்கள்.

கடனாகக் கொடுத்ததா, உரிமையையே மாற்றிக் கொடுத்ததா என்ற கேள்வி கணக்காளர்களுக்குப் பழக்கமானது. மருந்து உலகத்திலும் இதே கேள்வி உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டலில், ஒரு மருந்தும் இன்னொரு பொருளும் சேர்ந்த பளிங்கில் ஐதரசன் இடம் மாறியிருந்தால் அது உப்பு, மாறாமல் பிடித்து மட்டும் நின்றால் அது இணைப்பளிங்கு என்று பிரித்து வைத்திருக்கிறது. எந்தத் தலைப்பின் கீழ் பதிவது என்பது அந்த ஓர் ஐதரசன் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

இதனால் வீட்டில் நமக்கு என்ன பயன் என்று தாய்மார் கேட்கலாம். அந்த 211ஆம் இலக்கத்துக்கே திரும்புவோம். பென்சோயிக் அமிலம் பூஞ்சணத்தைத் தடுப்பது அது முழு அமிலமாக இருக்கும்போதுதான். புளிப்பில்லாத உணவில் அது ஐதரசனை இழந்து பலனில்லாமல் போய்விடும். அதனால்தான் பழச்சாறு, சோஸ், ஊறுகாய் போன்ற புளிப்பான பொருட்களில் அதைப் பாவிக்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. எண்ணெய் மூலக்கூறுகளிலும் அசற்றோனில் உள்ளதுபோல வாங்கும் ஒட்சிசன் உண்டு. எண்ணெய் நிறைய உள்ள ஊறுகாயில் இந்த அமிலத்தில் ஒரு பங்கு எண்ணெய்க்குள் போய்த் தங்கிவிடும். பூஞ்சணம் வளர்வதோ தண்ணீர்ப் பகுதியில். சிட்டையில் எழுதிய அளவு உண்மைதான், ஆனால் அது எங்கே நிற்கிறது என்பது வேறு கணக்கு. ஆகவே தேசிக்காய் ஊறுகாய் செய்கிறவர்கள் இலக்கத்தை நம்புவதைவிட உப்பையும் புளிப்பையும் காய்ந்த கரண்டியையும் நம்புவது நல்லது. இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் ஒருவரும் அசற்றோனையும் அமிலங்களையும் வீட்டில் கலந்து பார்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். சில அமிலங்களோடு அசற்றோன் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

அந்த இரண்டாவது கணக்கு எனக்கு ஏன் ஆழமாகப் பட்டது என்று சொன்னால் உங்களில் பலருக்கு விளங்கும். நான் இங்கு வந்த முதல் வருடம் நிரப்பிய படிவங்கள் எல்லாவற்றிலும் 'தனியாள்' என்று எழுதினேன். ஓர் அறை, ஒரு கட்டில், ஓர் ஆள். அரசாங்கத்தின் எண்ணிக்கையில் பிழையில்லை. ஆனால் உண்மை என்ன? தூரத்து உறவில் ஒரு மாமா, என்னை முதல் வேலைக்குக் காரில் கொண்டுபோய் விட்டார். மாமி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிழமைக்கான கறியைக் கட்டித் தந்தார். படிவத்தில் வராத கைகள் அவை. அந்தப் பிடி இல்லாவிட்டால் நான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருப்பேனா தெரியாது. என்னை ஒருவனாக எண்ணியது சரி. தனியாள் என்று எழுதியதுதான் பிழை.

முப்பது வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். எண்ணிக்கை குறைந்தால் களவு என்றும், எண்ணிக்கை சரியானால் எல்லாம் சரி என்றும் நினைப்பதுதான் எங்கள் தொழிலில் சுலபமாக வரும் பிழை. இந்த அமிலத்தின் கணக்கு இரண்டையும் மறுக்கிறது. பென்சீனில் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் ஒன்றும் தொலையவில்லை. அசற்றோனில் எண்ணிக்கை சரியாக வந்தது, ஆனால் ஒருவரும் தனியாக இல்லை. ஆர் ஆரோடு சேர்ந்து நிற்கிறார் என்று பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கடைசியாக ஒரு சொல். அந்த அண்ணை சென்ற வருடம் காலமாகிவிட்டார். அன்றைய செயற்குழுவில் இருந்தவர்களில் சிலராவது இந்த வானொலியைக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். அவருடைய குடும்பத்தினரும் கேட்டுக்கொண்டிருக்கலாம். அன்று நான் கூட்டத்தில் கேட்ட கேள்வி பிழையான கேள்வி. கணக்கில் ஒரு சதமும் குறையவில்லை. எண்ணத் தெரியாதவன் நான்தான். அன்று கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டியதை இன்று இந்த ஒலிவாங்கியில் சொல்கிறேன். பிந்தித்தான் சொல்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் வழக்கம்போல வருமான வரிக் கணக்கோடு உங்களைச் சந்திக்கிறேன். பற்றுச்சீட்டுகளை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கட்டைகளின் மூலையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் ஒருக்கால் பிரட்டிப் பாருங்கள்.